நெப்போலியன் கடிதங்களைத் தேதி வாரியாகப் படியுங்கள்

நெப்போலியனைப் பற்றிப் பேச்சு எடுத்தாலே ஆளுக்கு ஒரு நெப்போலியனைக் கொண்டுவந்து நிறுத்துவார்கள். ஒருவருக்கு அவர் முதல் மனைவி ஜோசபினுக்காக உருகி உருகி எழுதிய இளைஞர். இன்னொருவருக்குச் சட்டத் தொகுப்பு தந்த நிர்வாகி. மூன்றாமவருக்கு லட்சக்கணக்கான பேரைச் சாகக் கொடுத்த சர்வாதிகாரி. மூன்று பேரிடமும் ஆதாரம் இருக்கும், அதுவும் அவருடைய கடிதங்களிலிருந்தே. 40,000க்கு மேல் கடிதம் கிடைக்கிற ஒரு மனிதரிடமிருந்து நமக்குத் தோதான நாலு வரியை உருவுவது பெரிய வேலை இல்லை. அதனால்தான் சொல்கிறேன், இந்தக் கடிதங்களைப் பொறுக்கிப் படிக்காதீர்கள். காதலுக்கு ஒரு புத்தகம், போருக்கு ஒரு புத்தகம் என்று பிரித்து வைத்தும் படிக்காதீர்கள். தேதி வரிசையில், ஒரே வாரத்தில் மனைவிக்கு என்ன போனது, தம்பிக்கு என்ன போனது, மந்திரிக்கு என்ன போனது என்று சேர்த்துப் படித்தால் தெரிகிற ஆள் வேறு.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இவற்றில் பெரும்பகுதி அவர் கைப்பட எழுதியது அல்ல, வாயால் சொல்லி எழுத வைத்தது. ஆரம்பத்தில் பூரியென், 1802 முதல் மெனவால், அப்புறம் ஃபான் என்று அந்தரங்கச் செயலாளர்கள் மாறினார்கள். அறைக்குள் மேலும் கீழும் நடந்துகொண்டே சொல்லிக்கொண்டு போவாராம். வேகம் கூடும்போது வலது கையை முறுக்கிச் சட்டைக் கை நுனியை இழுத்துக்கொள்கிற பழக்கம் இருந்தது என்று பக்கத்திலிருந்தவர்களே எழுதி வைத்திருக்கிறார்கள். சொன்னதைத் திருப்பிச் சொல்ல மாட்டார். செயலாளர் பாதி வார்த்தையை விட்டுவிட்டுக் கிடைத்ததைக் குறித்துக்கொண்டு, பிறகு உட்கார்ந்து நிரப்பி, நல்ல படி எடுத்துக் கையெழுத்துக்கு வைப்பார். தன் கையாலேயே எழுதியது பெரும்பாலும் மனைவிமாருக்குத்தான், அந்தக் கையெழுத்தைப் படிப்பது ஒரு தனிப் பாடு. அச்சில் நாம் வாசிக்கும் சீரான வாக்கியங்களுக்குப் பின்னால் இவ்வளவு கைகள் இருக்கின்றன. ஆனாலும் அந்தக் குரல் பிசகவில்லை, அவசரமும் அதட்டலும் கணக்கும் அப்படியே கேட்கின்றன.

அச்சான கதையும் தெரிந்திருக்க வேண்டும், ஏனென்றால் பொறுக்குகிற வேலை அங்கேயே தொடங்கிவிட்டது. 1854இல், அப்போது பிரான்சின் சக்கரவர்த்தியாக இருந்த மூன்றாம் நெப்போலியன், தன் பெரியப்பாவின் கடிதங்களைத் திரட்டி வெளியிட ஒரு குழு அமைத்தார். 1858இல் முதல் தொகுதி வந்தது, 32 தொகுதிகள் வரை போனது. கடைசி நான்கும், பதவி போய்ச் சிறைவைக்கப்பட்டிருந்த செயிண்ட் ஹெலினா தீவில் சொல்லி எழுத வைத்த நூல்கள், மற்றவை கடிதங்களும் உத்தரவுகளும், ஏறத்தாழ 22,000. பாதி வழியில், 1864இல், குழுவையே மாற்றினார்கள். புதிய குழுவுக்குத் தலைவர் இளவரசர் நெப்போலியன், அதாவது நெப்போலியனின் கடைசித் தம்பி ஜெரோமின் மகன். இந்தக் குழு தன் கொள்கையை ஒளிக்கவே இல்லை. சக்கரவர்த்தி இன்று உயிரோடு இருந்து, தன்னையும் தன் ஆட்சி முறையையும் வருங்காலத்துக்குக் காட்ட விரும்பினால் எதை வெளியிட்டிருப்பாரோ அதைத்தான் வெளியிடுவோம் என்று அறிக்கையிலேயே எழுதினார்கள்.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். மூன்றாம் நெப்போலியன், தம்பி லூயியின் மகன். குழுத் தலைவர், தம்பி ஜெரோமின் மகன். நெப்போலியனிடம் மிக அதிகமாகத் திட்டு வாங்கியவர்களில் இந்த இரண்டு தம்பிகளுக்கும் முதல் வரிசையில் இடம் உண்டு. 1809இல் ஜெர்மன் பகுதியான வெஸ்ட்ஃபாலியாவின் மன்னனாக இருந்த ஜெரோமுக்கு எழுதியதைப் பாருங்கள்: நீ பாரசீக மாகாண அதிபதி மாதிரிப் போர் நடத்துகிறாய், இதை என்னிடமிருந்தா கற்றாய்? அரசன், சக்கரவர்த்தியின் தம்பி என்பதெல்லாம் போர்க்களத்தில் கேலிக்குரிய தகுதிகள். சிப்பாயாக இரு, மறுபடியும் சிப்பாயாக இரு, மந்திரியும் தூதரும் படாடோபமும் வேண்டாம், முன்னணிப் படையோடு திறந்தவெளியில் படு. அப்பாவுக்கு வந்த இப்படிப்பட்ட கடிதங்களை எதிரே வைத்துக்கொண்டு எதை அச்சிடலாம் என்று மகன் தீர்மானிக்கிறார். குடும்பச் சண்டையும் கொடூரமான உத்தரவுகளுமாக விடுபட்டவை நிறைய. 1897இல் லியோன் லெசெஸ்த்ர் என்ற ஆவண அறிஞர் அவற்றில் ஒரு பெரிய பங்கை இரண்டு தொகுதிகளாகக் கொண்டுவந்தபோது பிரான்சில் பரபரப்பு எழுந்தது நியாயம்தான்.

முழுசாகத் திரட்டுகிற வேலைக்கு இன்னும் ஒரு நூற்றாண்டு ஆனது. பாரிசில் உள்ள நெப்போலியன் அறக்கட்டளை 2002இல் அதைக் கையில் எடுத்தது. தேசிய ஆவணக் காப்பகத்தில் உள்ள வரைவுப் படிகள், வேன்சென் கோட்டையில் உள்ள ராணுவ ஆவணங்கள், பிற நாட்டுக் காப்பகங்கள், தனியார் சேகரிப்புகள், ஏல நிறுவனங்களின் பட்டியல்கள் எல்லாவற்றையும் அலசினார்கள். தன்னார்வலர்கள் பலர் உட்கார்ந்து எழுத்துப் பெயர்த்தார்கள். 2004இல் முதல் தொகுதி, 2018இல் பதினைந்தாவது. முன்னோர் அடுக்கிவைத்ததைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு. அந்த உழைப்பின் மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு, ஏனென்றால் இது துதி பாட எடுத்த காரியமாக நின்றுவிடவில்லை. அசிங்கமானதும் வரிசையில் அதனதன் தேதியில் உட்கார்ந்திருக்கிறது.

சரி, தேதி வாரியாகப் படித்தால் என்ன கிடைக்கும்? 1807ஐ எடுத்துக்கொள்கிறேன்.

பிப்ரவரி 8, கிழக்கு பிரஷ்யாவில் ஐலோ. பனிப்புயலில் ரஷ்யர்களோடு நடந்த சண்டை. மறுநாள் விடியற்காலை மூன்று மணிக்கு ஜோசபினுக்கு எழுதுகிறார்: நேற்று பெரிய சண்டை, வெற்றி எனக்குத்தான், ஆனால் நிறையப் பேரை இழந்துவிட்டேன், எதிரிக்கு இழப்பு இன்னும் அதிகம் என்பது எனக்கு ஆறுதல் தரவில்லை. ஆறு நாள் கழித்தும் ஐலோவிலேயே இருக்கிறார். இந்த நிலம் முழுக்கப் பிணமும் காயம்பட்டவர்களுமாக இருக்கிறது, போரில் இது அழகான பகுதி அல்ல, இத்தனை பேர் பலியானதைப் பார்த்து மனசு அழுத்துகிறது என்கிறார். இதை மட்டும் தனியாக எடுத்துப் போட்டால் கண்ணீர் வரும். ஆனால் அதே நாட்களில் படைச் செய்தி அறிக்கை ஒன்றும் அவர் பார்வையில் தயாராகிப் பாரிசுக்குப் போகிறது. அதில் இறந்தவர் 1,900 பேர், காயமடைந்தவர் 5,700 பேர். உண்மை இழப்பு இதைப்போலப் பல மடங்கு. மனைவிக்கு எழுதிய சோகம் பொய் என்று நான் நினைக்கவில்லை. அந்தச் சோகம் உண்மையாக இருந்தபோதே பொதுமக்களுக்குக் கணக்கைக் குறைத்துச் சொல்ல அவரால் முடிந்தது.

அடுத்த மாதம் ஓஸ்டெரோடெயிலிருந்து வெளியுறவு மந்திரி தாலைராந்துக்கு எழுதுகிறார். வார்சாவில் இருக்கும் அந்த மகா ராஜதந்திரிக்கு அப்போதைய முக்கிய வேலை படைக்கு ரொட்டி அனுப்புவது! ரொட்டி மட்டும் கிடைத்தால் ரஷ்யர்களை முறியடிப்பது குழந்தை விளையாட்டு என்கிறார். மாவு, பிஸ்கட், பிராந்தி, வண்டி, பூட்ஸ் என்று பக்கம் பக்கமாகப் போகும். பலர் இந்த இடத்தில் சலித்துப்போய்த் தாண்டிவிடுவார்கள். தாண்டாதீர்கள். படைகளின் நிலைப் பட்டியல்தான் என் நூலகத்திலேயே எனக்கு மிகவும் இன்பமான இலக்கியம், ஓய்வு நேரத்தில் நான் ஆசையாகப் படிப்பது அதைத்தான் என்று 1806இல் அண்ணன் ஜோசஃபுக்கே எழுதியவர் அவர். ரொட்டிக் கணக்கைத் தாண்டிப் போனால் மனிதரையே தாண்டிப் போகிறோம்.

ஏப்ரல் 1ஆம் தேதி ஃபிங்கன்ஸ்டைன் கோட்டைக்கு வருகிறார். இப்போது போலந்தில் உள்ள காமியெனெத்ஸ் ஊரில் அது இடிபாடாக நிற்கிறது, 1945இல் எரிந்துபோனது. ஜூன் 6 வரை அங்கிருந்துதான் ஐரோப்பாவின் பாதியை ஆள்கிறார். என்னைக் கேட்டால் மொத்தத் தொகுப்பிலும் மிகச் செறிவான பக்கங்கள் இந்த இரண்டு மாதம்.

ஏப்ரல் 4. ஹாலந்து மன்னனாக வைத்திருக்கும் தம்பி லூயிக்கு நீளமான கடிதம். ஆட்சிக்கு வந்த முதல் வருடமே ரொம்ப நல்லவன் என்று பெயர் எடுக்கிற அரசனை இரண்டாம் வருடம் ஜனங்கள் கேலி செய்வார்கள் என்று தொடங்கி, அப்படியே குடும்பத்துக்குள் இறங்குகிறார். லூயியின் மனைவி ஓர்தான்ஸ், ஜோசபினின் முதல் திருமணத்து மகள். ஒரு பட்டாளத்தை நடத்துவது போல இளம் மனைவியை நடத்துகிறாய், அவள் ஆடட்டும், வயசுக்கு ஏற்றபடி இருக்கட்டும் என்று புத்தி சொல்கிறார். பெண் பக்கம் நின்று பேசுகிற பெரியவர் மாதிரி அருமையாக இருக்கும். அதே கோட்டையில் அந்த நேரத்தில் அவரோடு தங்கியிருந்தவர் அவருடைய போலந்துக் காதலி மாரி வலேவ்ஸ்கா. மே 10இல் ஜோசபினுக்கு எழுதுகிறார்: என்னோடு கடிதப் போக்குவரத்து வைத்திருக்கும் பெண்கள் என்று நீ எதைச் சொல்கிறாய் என்றே எனக்குப் புரியவில்லை, நான் நேசிப்பது நல்லவளும் முகம் தூக்குகிறவளுமான என் சின்ன ஜோசபினை மட்டும்தான். காதல் கடிதத் தொகுப்பில் தனியாகப் படித்தால் இது இனிக்கும். இங்கே இனிக்கவில்லை.

மே 4. பாரசீகத் தூதரோடு ஒப்பந்தம் கையெழுத்தாகிறது. பிரெஞ்சுப் படை பாரசீகம் வழியாக இந்தியாவுக்குப் போய் ஆங்கிலேயரைத் தாக்க நினைத்தால் வழி விடுவது பற்றிய பிரிவும் அதில் உண்டு. நம் ஊர்ப் பக்கத்துக்கான அவருடைய கனவு இது முதல் தடவை அல்ல. 1799 ஜனவரி இறுதியில் கெய்ரோவிலிருந்து திப்பு சுல்தானுக்கு, ஆங்கிலேயரின் இரும்பு நுகத்திலிருந்து உங்களை விடுவிக்கும் ஆசையோடு எண்ணற்ற, வெல்ல முடியாத படையோடு செங்கடல் கரைக்கு வந்திருக்கிறேன், நம்பிக்கையான ஆளை அனுப்புங்கள் என்று எழுதினார். மஸ்கட் இமாமுக்கு ஒரு கடிதம் எழுதி, திப்புவுக்கு உள்ளதைச் சேர்ப்பிக்கச் சொன்னார். அது செங்கடல் பக்கத்திலேயே ஆங்கிலேயர் கையில் சிக்கியது. அதே 1799இன் மே 4இல் ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்தது, திப்பு இறந்தார். 1803இல் தெகான் என்ற தளபதியைப் புதுச்சேரிக்கு அனுப்பினார், ஆங்கிலேயர் ஊரை ஒப்படைக்காததால் அவர் மொரீஷியசுக்குத் திரும்பிவிட்டார்.

ஃபிங்கன்ஸ்டைனுக்கே வருகிறேன். ஒப்பந்தத்துக்கு மறுநாள், மே 5, தி ஹேக் நகரில் லூயி, ஓர்தான்ஸ் தம்பதியின் மூத்த பையன் இறந்துபோகிறான். நாலரை வயசு. நெப்போலியன் பேரையே வைத்திருந்த பையன், வாரிசாக எண்ணி வளர்த்த பையன். தொண்டை அடைத்து மூச்சு முட்டுகிற குரூப் நோய். மே 14இல் ஜோசபினுக்கு எழுதுகிறார்: அந்தப் பாவப்பட்ட நெப்போலியன் போனது உனக்கு எவ்வளவு வேதனை என்று எனக்குப் புரிகிறது, என் வேதனையை நீயும் அறிவாய்.

மறுநாளே, மே 15, எக்குவான் பெண்கள் பள்ளிக்கான குறிப்பு. படைவீரர்களின் மகள்களுக்கு என்ன சொல்லித்தர வேண்டும் என்று விலாவாரியாகச் சொல்லி எழுத வைத்திருக்கிறார். மதக் கல்விதான் முதல், படிப்பில் கொஞ்சம் கணக்கும் சரித்திரமும் பூகோளமும், மீதி நேரமெல்லாம் தையல், உடுப்பு, காலுறை பின்னுவது. பெண்களின் மூளை பலவீனமானது, நம்பிக்கை உள்ளவர்களாக வளர்த்துக் கொடுங்கள், தர்க்கம் பேசுகிறவர்களாக அல்ல என்கிறார். இதைப் படிக்கும்போது எனக்கு இன்றும் கோபம் வருகிறது. ஆறு வாரம் முன்னால் ஓர்தான்சுக்காகப் பரிந்து பேசிய அதே வாய். அந்தப் பரிவின் எல்லை எது என்பது இந்த இரண்டையும் அடுத்தடுத்துப் படித்தால் சந்தேகமில்லாமல் தெரிந்துவிடுகிறது.

மே 20இல் மகனைப் பறிகொடுத்த ஓர்தான்சுக்கே எழுதுகிறார். மகளே, ஹேக்கிலிருந்து வரும் செய்தியெல்லாம் நீ நிதானமாக இல்லை என்கிறது, உன் துக்கம் எவ்வளவு நியாயமானாலும் அதற்கு ஓர் எல்லை வேண்டும், உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதே. பிள்ளை போய் இரண்டு வாரம்தான் ஆகியிருக்கிறது! கல்நெஞ்சம் என்று புத்தகத்தை மூடிவைக்கத் தோன்றும்.

மூடாமல் இன்னும் இரண்டு வாரம் தள்ளிப் போங்கள். ஜூன் 4. உள்துறை மந்திரி ஷாம்பாஞிக்கு ஒரு சின்னக் கடிதம், படைக் கணக்குகளுக்கு நடுவே. இருபது வருடமாகக் குரூப் என்று ஒரு நோய் வட ஐரோப்பாவில் நிறையக் குழந்தைகளைக் கொண்டுபோகிறது, சில வருடங்களாகப் பிரான்சிலும் பரவுகிறது, இந்த நோயைப் பற்றியும் சிகிச்சை பற்றியும் மிகச் சிறந்த ஆய்வுரை எழுதும் மருத்துவருக்கு 12,000 ஃபிராங்க் பரிசு அறிவியுங்கள். அவ்வளவுதான். செத்துப்போன பையனைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. பின்னணி தெரியாமல் அந்த ஒரு தாளை மட்டும் கையில் எடுத்தவருக்கு அது சுகாதாரத் துறை உத்தரவு. மே 14, மே 20 இரண்டையும் படித்துவிட்டு அங்கே வந்து சேர்கிறவருக்கு, துக்கத்தைச் சொல்லத் தெரியாமல் அதை வேலையாக மாற்றிக்கொண்ட ஒரு மனிதர் தெரிகிறார். பரிசுப் போட்டி நடந்தது, ஜெனீவாவின் ஜுரீன், பிரெமனின் ஆல்பர்ஸ் என்ற இரண்டு மருத்துவர்கள் பகிர்ந்துகொண்டார்கள்.

தேதி வரிசை அவருக்குச் சாதகமாகவே வேலை செய்யும் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. 1801 நவம்பர் 18இல், அடிமைத்தளையை உடைத்து எழுந்த பிரெஞ்சுக் காலனியான சான் தொமாங் தீவை (இன்றைய ஹெய்ட்டி இருக்கும் தீவு) ஆண்டுகொண்டிருந்த தூசான் லுவெர்த்தூருக்கு எழுதிய கடிதம் மரியாதையின் உச்சம். உங்கள் மேல் எங்களுக்கு மதிப்பு உண்டு, அந்தத் தீவில் பிரெஞ்சுக் கொடி பறக்கிறது என்றால் அது உங்களாலும் வீரம் மிக்க கறுப்பின மக்களாலும்தான் என்கிறார். பாரிசில் படித்துக்கொண்டிருந்த தூசானின் இரண்டு மகன்களோடு அவர்களுடைய ஆசிரியரையும் அனுப்பி, அந்தக் கடிதத்தை வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுக்க வைத்தார்கள். அதே கப்பற்படையில் லெக்ளேர் தளபதியின் பெரும் படையும், தூசானைப் பிடிக்கச் சொல்லும் ரகசிய உத்தரவும் போயின. 1802 ஜூலை 1இல் லெக்ளேருக்கு எழுதுகிறார்: இந்தப் பொன்முலாம் பூசிய ஆப்பிரிக்கர்களை எங்களிடமிருந்து ஒழித்துக் கட்டுங்கள், அப்புறம் எங்களுக்கு வேறு எதுவும் வேண்டியதில்லை. இரண்டுக்கும் நடுவே ஏழரை மாதம். மனம் மாறியது என்று சொல்லவும் வழியில்லை, ஏனென்றால் ரகசிய உத்தரவின் தேதி மரியாதைக் கடிதத்துக்கு முந்தியது.

கடிதமே காலை வாரியதும் ஒரு தடவை நடந்தது. 1814 மார்ச் 23இல், எதிரிப் படைகள் பாரிசை நெருங்கும்போது, இரண்டாம் மனைவி மாரி லூயிசுக்குத் தன் கைப்பட, சங்கேதம் எதுவும் இல்லாமல், எதிரிகளைப் பாரிசிலிருந்து விலக்கி இழுக்க மார்ன் ஆற்றுப் பக்கம் போகிறேன் என்று எழுதிவிட்டார். அது கொசாக் குதிரைப் படையிடம் சிக்கியது. பாரிசில் இருந்த குழப்பத்தைச் சொல்லும் வேறு கடிதங்களும் கூட்டுப் படையினர் கையில் கிடைத்தன. அவர்கள் நெப்போலியனைத் துரத்தாமல் நேரே பாரிசுக்கு நடந்தார்கள், மாதக் கடைசியில் நகரம் பணிந்தது. மாரி லூயிசுக்கு அவர் எழுதிய 318 கடிதங்கள் 1934இல் லண்டனில் ஏலத்துக்கு வந்தபோது பிரெஞ்சு அரசு 15,000 பவுண்டுக்கு வாங்கி, மறுவருடமே அச்சாக்கியது.

இணையத்தில் சுற்றுகிற ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், பலர் கேட்பதால். மூன்று நாளில் வருகிறேன், குளிக்காதே என்று ஜோசபினுக்கு எழுதியதாகச் சொல்வார்களே, அது உறுதிப்படுத்தப்பட்ட எந்தக் கடிதத்திலும் இல்லை. நிஜமாக இருக்கிற கடிதங்கள் அதைவிட எவ்வளவோ மேல்.

பதினைந்து தொகுதியிலும் இல்லாதது எதிர்ப்பக்கம். ஜோசபின் எழுதிய பதில்களில் பெரும்பாலானவை கிடைக்கவே இல்லை. மாரி லூயிசின் பதில்கள் ஸ்வீடன் அரச குடும்பத்து ஆவணங்களில் இருந்து 1955இல் வெளிவந்தன, அதனால் 1814ஐ இரண்டு பக்கமும் படிக்கலாம், படிக்கவும் வேண்டும். ழூரா மலையில் உள்ள ழூ கோட்டைச் சிறையிலிருந்து தூசான் அனுப்பிய கடிதங்களுக்கு நெப்போலியன் பதில் போடவே இல்லை, 1803 ஏப்ரல் 7இல் தூசான் அங்கேயே இறந்தார். ஆக, போகாத கடிதங்களையும் கணக்கில் சேர்க்க வேண்டியிருக்கிறது.

பிரெஞ்சு ஓரளவு வாசிக்க வருகிறவர்கள் பழைய 32 தொகுதிகளைப் பிரெஞ்சு தேசிய நூலகத்தின் கேலிகா தளத்தில் இலவசமாகவே பார்க்கலாம். நூலகத்தில் புதிய தொகுப்பு கிடைத்தால், 1807க்கான ஏழாவது தொகுதியை எடுத்து ஏப்ரல் 1இல் தொடங்கி ஜூன் 6 வரை, மாவு மூட்டைக் கணக்கு உட்பட, ஒரு கடிதத்தையும் விடாமல் போங்கள்.